இரவல் சூடு

“பருத்தி மட்டும் எடுக்காதீங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்றாள் துளசிமணி.

“இது நல்ல கூத்தா இருக்குதே. திருப்பூர்க்காரிங்கற, பருத்தி வேண்டாங்கற. உன்ற ஊர்ல இதைக் கேட்டா உன்னைய உள்ள சேத்துவாங்களா அம்மிணி?”

கேட்டவர் ஈஸ்வரமூர்த்தி. பீளமேட்டில் பம்புசெட்டுப் பட்டறை வைத்திருக்கிறவர். மனைவி போன பிறகு அவருக்கு மிச்சம் இருந்தது மகள் மிருதுளா ஒருத்திதான். அந்த மகளின் கைப்பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு அவர் நின்ற நிற்பைப் பார்த்தாலே அது விளங்கிவிடும். கத்திரி வெயில் சமயத்தில் மிருதுளா இமயமலையில் ஒரு சிகரம் ஏறப்போகிறாள். உடம்போடு ஒட்டிப் போடுகிற உள்ளாடை எடுக்கத்தான் இருவரும் அவிநாசி சாலையில் இருக்கும் அந்த மலையேற்றச் சாமான் கடைக்கு வந்திருந்தார்கள். துளசிமணிக்கு அங்கே உள்ளாடைப் பிரிவு. பாதி வயசைப் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையோடு கழித்துவிட்டு, கண் மங்கத் தொடங்கியதும் இங்கே வந்து சேர்ந்தவள்.

“பருத்தி வேர்வையைக் குடிச்சுக்கும் சார். குடிச்சதை விடாது. ஏறும்போது முதுகெல்லாம் வேர்க்கும். செத்த நேரம் நின்னா அந்த ஈரமே ஐஸா மாறி ஒடம்போட ஒட்டிக்கும். செம்மறி ரோமம்னா நனைஞ்சாலும் சூடு விடாது, காயறதுக்குத்தான் நேரமாகும். பாலியஸ்டர் சீக்கிரம் காஞ்சிரும். ஆனா நாலு நாள் போட்டா கூடாரத்துல பக்கத்துல யாரும் படுக்க மாட்டாங்க.”

“அப்ப ரோமமே ரெண்டு குடுத்துரு. வேலை முடிஞ்சுது.”

“அப்பா, நான் அதுக்கா வந்தேன்?” என்றாள் மிருதுளா. “அக்கா, துணைச்சட்டை காட்டுங்க.”

துளசிமணி இதற்காகத்தான் காத்திருந்தாள். யார் வந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். ரோமம், பாலியஸ்டர் என்று அவள் பேசுவதெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னால் இலையில் தண்ணீர் தெளிக்கிற மாதிரி.

“அதென்ன துணைச்சட்டை?” ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“ஒரே நூலை ரெண்டாப் பிரிச்சு ரெண்டு சட்டை பின்னுவாங்க சார். ஒண்ணைப் பாப்பா மலையில போட்டுக்கும். இன்னொண்ணை இங்க நம்மூர்ல ஒருத்தர் போட்டிருப்பாங்க. இங்க இருக்கறவங்க ஒடம்புச் சூடு அங்க போயிரும்.”

“போயிரும்னா? ஒயரு கியரு ஏதாச்சும்?”

“ஒண்ணும் கிடையாதுங்க. எத்தனை தூரமானாலும் போகும். எப்படீன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. கம்பெனிக்காரங்க படம் போட்டுச் சொல்லிக்குடுத்தப்பவே எனக்குத் தலை சுத்திருச்சு.”

“சரி, அந்த ஆள் கதி?”

“இங்க அடிக்கற வெயிலுக்கு யாருங்க சூட்டைப் பிடிச்சு வெச்சுக்குவாங்க? போட்டதும் குளுகுளுன்னு இருக்கும். தகரக் கூரைக்குள்ள உக்காந்து வேலை செய்யறவங்களுக்கு ஏசியைக் கையோட கொண்டுபோற மாதிரி.”

“அட. ரெண்டு பக்கமும் நல்லதுதான்.”

“அதேதானுங்க.”

துளசிமணி பலகை போன்ற திரையை எடுத்து மேசைமேல் வைத்தாள். படம் படமாக முகங்கள் வந்தன. எல்லாம் திருப்பூர்ப் பக்கத்து முகங்கள். எண்ணெய் வைத்து வாரி, நேராகப் பார்த்து, சிரிக்கச் சொன்னதால் சிரித்த முகங்கள்.

“இதென்ன, பொண்ணு பாக்கற மாதிரி இருக்குது” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“சட்டைங்கறதே ஆளுதானுங்க சார். ஆளைப் பொறுத்துத்தான் சூடு. வயசானவங்க, ரத்தம் கம்மியானவங்கன்னா மூணாம் ரகம். ஊட்டி, கொடைக்கானலுக்குப் போதும். நல்லா இருக்கறவங்கன்னா ரெண்டாம் ரகம். அதுல ஒரு பூட்டு இருக்கு, ஒரு அளவுக்கு மேல இழுக்காது. பாப்பா போற எடத்துக்கு மொத ரகந்தான்.”

“மொத ரகத்துல என்ன விசேஷம்?” என்று கேட்டாள் மிருதுளா.

“எந்தக் குளுருலயும் கைவிடாதும்மா.”

அதற்கு என்ன அர்த்தம் என்று துளசிமணிக்குத் தெரியும். முதல் ரகத்தில் பூட்டு கிடையாது. மலையில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும் இங்கிருந்து போகும். இல்லாத ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்துவானேன், இருக்கிற நல்லதைச் சொன்னால் போதாதா என்று கடை மேனேஜர் சொல்லிக்கொடுத்திருந்தார். அவளுக்கும் அது பழகிப்போயிருந்தது.

மிருதுளா முகங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

“இவங்களுக்கு ஒண்ணும் ஆகாதில்லக்கா? இவங்க சம்மதிச்சுத்தான் இதுக்கு வந்திருக்காங்களா? யாரையாவது கஷ்டப்படுத்தித்தான் நான் மலை ஏறணும்னா எனக்கு அந்த மலையே வேண்டாம்.”

“சம்மதம் இல்லாம எப்படிம்மா? எல்லாம் கேட்டுத்தான் சேக்கறாங்க.”

“என்ற பொண்ணு எறும்பு ஊர்ற எடத்துல காலு வெக்க மாட்டா” என்றார் ஈஸ்வரமூர்த்தி பெருமையாக. “சின்னதுலயிருந்தே அப்படித்தான்.”

துளசிமணி விரலால் ஒரு படத்தை முன்னுக்கு இழுத்தாள். “இந்தப் பொண்ணைப் பாருங்க. பாண்டிமீனா. உசிலம்பட்டிப் பக்கத்துலயிருந்து வந்து திருப்பூர்ல டெய்லரா இருக்குது. என்கூட ஒரே கம்பெனியில வேலை பாத்த புள்ள. நாந்தான் இதுல சேத்துவிட்டேன். கைக்கொழந்தைக்காரி. பெத்தவ ஒடம்புல சூடு எப்பவும் கூடுதலா இருக்கும்.”

“சிரிப்பு நல்லாருக்கு” என்றாள் மிருதுளா. அப்படித்தான் அவள் தேர்ந்தெடுத்தாள்.

கடையின் பின்பக்கத்தில் கண்ணாடி போட்ட குளிர் அறை ஒன்று உண்டு. மிருதுளா சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். ஈஸ்வரமூர்த்தி வெளியே நின்று கண்ணாடியைத் தட்டித் தட்டி, “போதும் வா சாமி” என்றார். அவள் வரவில்லை. வெகுநேரம் கழித்து வந்தபோது அவள் மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது.

“அப்பா, யாரோ பின்னாலருந்து கட்டிப் பிடிச்சுட்டே இருக்கற மாதிரி இருக்குப்பா.”

ஈஸ்வரமூர்த்தி சட்டென்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஆனா ஒரு துடிப்பு வருதேக்கா. ரொம்ப வேகமா.”

“அது அவங்க நாடிம்மா. நாடி துடிச்சாத்தான் நூலு தொறக்கும். சட்டைக்குள்ள சுடுதண்ணிப் பையை வெச்செல்லாம் யாரும் ஏமாத்த முடியாது.”

“இவ்வளவு வேகமா அடிக்குதே. பயந்திருக்காங்களோ?”

“மிஷின் ஓட்டிட்டிருப்பாம்மா. வேலை மும்முரம்.”

நம்பித்தான் துளசிமணி அதைச் சொன்னாள். இந்தக் கடைக்கு வந்த சட்டைகளிலேயே இவ்வளவு சூடு உள்ளதை அவளும் பார்த்ததில்லை.

“எதுக்கும் மேல போட ஒரு கனமான கோட்டும் எடுத்துக்கலாம்” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“எதுக்குப்பா சுமை? அதைத் தூக்காம போறதுக்குத்தானே இது.”

அவர் துளசிமணியைப் பார்த்தார். துளசிமணி, “இது இருந்தா அது தேவைப்படாதுங்க சார்” என்றாள்.

*

மலைக்குப் போனதும் மிருதுளா அனுப்பிய படங்களை ஈஸ்வரமூர்த்தி கடைக்கே கொண்டுவந்து காட்டினார். பஞ்சு மூட்டை போல உப்பிய கோட்டுகளுக்கு நடுவே அவள் மட்டும் ஒல்லியாக நின்றாள்.

“பாத்தியா, மத்ததுகளெல்லாம் நெல்லு மூட்டையாட்ட. என்ற பொண்ணு காலேஜுக்குக் கௌம்புனவளாட்ட நிக்கறா. ராத்திரிகூட வேர்க்குதுங்கறா. அந்தப் பொண்ணுக்குச் சேலை ஒண்ணு எடுத்துக் குடுக்கணும்னு சொன்னா. நல்ல சேலையா எடுத்து வெய்யி.”

அடுத்த முறை அவர் வந்தபோது கையில் படம் இல்லை. சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். வெளியே வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது.

“சட்டை செத்துப் போச்சுங்கறா.”

“என்னங்க சார்?”

“மேல் கூடாரத்துல மாட்டிக்கிட்டாங்க. நேத்துலயிருந்து பனிக்காத்து. இன்னிக்குக் காலையில திடீர்னு சூடு நின்னு போச்சாம். மத்தவங்க கோட்டை வாங்கி மாத்தி மாத்திப் போட்டுட்டிருக்கா. கை விரல் வெளுத்துப் போச்சுங்கறா.” அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். “அந்தத் துடிப்பும் இல்லையாம் அம்மிணி.”

துளசிமணி செல்போனை எடுத்தாள். பாண்டிமீனாவைக் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருப்பதாகச் செல்போன் சொன்னது. ஷிப்டில் இருந்தால் கம்பெனி வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிப்டில் இருந்தால். மேனேஜர் பெங்களூரில். சட்டைக் கம்பெனியின் எண்ணில் ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

“அவ வீடு உனக்குத் தெரியுந்தான?” என்றார் ஈஸ்வரமூர்த்தி. “ஏறு வண்டியில.”

சட்டை போடுகிறவர்களின் வீட்டை வாங்கினவர்களுக்குக் காட்டக்கூடாது என்பது கடைச் சட்டம். துளசிமணி ஏறி உட்கார்ந்தாள்.

கருமத்தம்பட்டி தாண்டியதும் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை.

“கழட்டி வீசிட்டு எங்கியாச்சும் சினிமாவுக்குப் போயிருப்பா. இதுகளுக்கென்ன தெரியுது? அங்க ஒரு உசுரு இதை நம்பி இருக்குதுங்கற நெனப்பு வேண்டாமா? பொறுப்பே கிடையாது.”

“அப்படி இருந்தா நல்லதுங்க சார்.”

“என்ன நல்லது?”

“சினிமாவுக்குப் போயிருந்தா நல்லதுன்னு சொல்றேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகு வண்டி கொஞ்சம் மெதுவாகப் போயிற்று.

*

திருப்பூரில் மண்ணரைப் பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். மேலே தகரம். கோடி வீட்டு வாசலில் பாண்டிமீனா குந்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உயிரோடுதான் இருந்தாள். அதைப் பார்த்ததும் துளசிமணிக்கு நிம்மதியாயிற்று. உடனே கோபமும் வந்தது.

“ஏன்டி, செல்போனை அமத்தி வெச்சுட்டு இங்க உக்காந்திருக்கற?”

“கம்பெனியில வாங்குனாகக்கா. சாப்பாட்டுக்கு ஓடி வந்தேன். திரும்பிப் போகத் தோணல.” பாண்டிமீனாவின் கண் ஈஸ்வரமூர்த்தியிடம் போய்த் திரும்பியது. “இவுக மலைக்குப் போனவுகளுக்கு வேண்டியவுகளா?”

“சட்டை எங்க?” என்றார் அவர்.

பாண்டிமீனா வேப்பமரத்தைக் காட்டினாள்.

மரத்தடியில் ஒரு வெள்ளாடு படுத்திருந்தது. முன்னங்கால் இரண்டும் சட்டைக் கைக்குள் போயிருந்தன. வயிற்றுப் பக்கம் ஊசியால் குத்திப் பிடித்திருந்தது. காலெல்லாம் விறைத்து, கழுத்து பின்னால் வளைந்திருந்தது. ஈஸ்வரமூர்த்தி கிட்டே போய்க் குனிந்தார். உச்சி வெயில் மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆட்டின் தாடியில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஆடா?” என்றார். “என்ற பொண்ணு இத்தனை நாளா போட்டிருந்தது ஒரு ஆட்டோட சூடா?”

“ஆட்டுக்கு நம்மள விடச் சூடு சாஸ்திங்கய்யா. அந்தம்மாவுக்கு அதுல கொறை ஒண்ணும் வந்திருக்காதே.”

“ஏன்டி இப்படிப் பண்ணுன?” என்றாள் துளசிமணி. “நம்பித்தான உன்னைச் சேத்துவிட்டேன்.”

“மொதல்ல நானேதான் போட்டேன்க்கா. ஆத்தாடி, அந்த வெக்கையில அம்புட்டுச் சொகமா இருந்துச்சு. பக்கத்து மிஷின்காரிக எல்லாம் எம்மேல வந்து சாஞ்சுக்குவாளுக. அப்புறம் ஒரு நா ஒங்க கடைக் குளுரு ரூமுல யாராச்சும் போட்டுப் பாத்துருப்பாக போல. வெரல் வெறைச்சுருச்சு. துணியத் தள்ளுறேன், வெரல் எங்க இருக்குன்னே தெரியல.” இடது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரல் நகத்தில் ஊசி ஏறி இறங்கிய கறுப்பு. “பிள்ளைக்குப் பால் குடுத்தா அது வாய எடுத்துட்டு அழுவுது. நெஞ்சு பானைத் தண்ணி மாதிரி கெடக்கு. இங்க எல்லாரும் இப்படித்தான்க்கா பண்றாக. எதுத்த வீட்டுல எருமை.”

எதிர் வீட்டுக்காரி அந்த நேரத்தில் எருமையின் கழுத்தில் கட்டியிருந்த சட்டையை அவசரமாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டைப் பார்த்ததிலிருந்து அவளுக்கும் பயம். அந்தச் சட்டையின் மறுபாதி எந்த மலையில் யார் மேல் இருக்கிறதோ என்று துளசிமணிக்கு ஓர் எண்ணம் வந்தது. வந்ததை அப்படியே தள்ளிவிட்டாள்.

ஈஸ்வரமூர்த்தி ஊசிகளைப் பிடுங்கி ஆட்டிடமிருந்து சட்டையை உருவினார். கால் மடங்காததால் கிழிக்கிற மாதிரி இழுக்க வேண்டியிருந்தது. ஈரமாக நாறியது. அதைப் பாண்டிமீனாவிடம் நீட்டினார்.

“போடு அம்மிணி. சீக்கிரம் போடு. அங்க அவ வெறைச்சுட்டிருக்கா.”

பாண்டிமீனா கையை நீட்டவில்லை. “அந்த ஆட்டப் பாத்தீகல்ல?”

“பாத்தேன்.”

“பாத்துட்டுமா சொல்றீக?”

“ஆடு வேற, மனுசி வேற.”

“ஆமாங்கய்யா. ஆட்டுக்கு ரோமம் இருந்துச்சு.”

அவர் துளசிமணி பக்கம் திரும்பினார். “நீ போடும்மா. நீதான வித்த.”

“எனக்கு ரத்தக்கொதிப்புங்க சார்” என்றாள் துளசிமணி.

அவளுக்கு ரத்தக்கொதிப்பு கிடையாது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அவள் வேறெங்கும் பார்க்க முடியாமல் ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பெத்தவுக நீங்கதான் இங்கன நிக்கிறீகளே” என்றாள் பாண்டிமீனா. குத்திக்காட்டுகிற குரல் இல்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்கிற குரல்.

ஈஸ்வரமூர்த்தி கொஞ்ச நேரம் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தப்பாகப் போட்டிருந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். வெள்ளைச் சட்டையைத் துளசிமணி வாங்கிக்கொண்டாள். நரைத்த மார்பு, கொஞ்சம் தொந்தி. பின்னல் துணி இழுத்த இழுப்புக்கு வந்தது. ஆட்டு ஈரத்தோடு அதைப் போட்டுக்கொண்டார்.

முதலில் அவர் முகத்து வேர்வைதான் காய்ந்தது. “அட, சுகமாத்தான் இருக்குது” என்றார் ஆச்சரியத்தோடு. பிறகு உதடு நிறம் மாறத் தொடங்கியது. பாண்டிமீனா குழந்தையை உள்ளே கிடத்திவிட்டு ஒரு நார்க்கட்டிலைக் கொண்டுவந்து போட்டாள். அவர் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள ஆரம்பித்தன.

அவருடைய வெள்ளைச் சட்டைப் பையில் செல்போன் ஒலித்தது. துளசிமணி எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்து அவர் வாய்க்கருகே பிடித்தாள். காற்று இரைகிற சத்தத்துக்கு நடுவே மிருதுளாவின் குரல்.

“வந்துருச்சுப்பா. சூடு வந்துருச்சு. என்ன பண்ணீங்க?”

“ஒண்ணுமில்ல சாமி. அந்தப் பொண்ணு கழட்டி வெச்சிருந்தா. சொல்லிப் போட வெச்சாச்சு.”

“பாவம், திட்டாதீங்கப்பா. விரலெல்லாம் உயிர் வந்துருச்சு. ஆனா துடிப்பு மெதுவா வருது, முன்ன மாதிரி இல்ல. பரவால்ல. காத்தும் அடங்கிட்டே வருதுப்பா. தாங்கறவங்க நாளைக்கு மேல போகலாம், முடியாதவங்க இப்பவே இறங்கிடணும்னு வழிகாட்டி சொல்லிட்டார். எல்லாரும் இறங்கறாங்க. நானும் இறங்கலாம்னுதான் இருந்தேன். இப்ப சூடு வந்துருச்சே. நான் மேல போறேன்.”

ஈஸ்வரமூர்த்தி பல்லைக் கடித்து நடுக்கத்தை அடக்கினார். “எறங்கிரு கண்ணு. எல்லாரும் எறங்கும்போது நீயும் எறங்கிரு.”

“ஆரம்பிச்சுட்டீங்களா? அதோ தெரியுதுப்பா உச்சி. கூடாரத்துலருந்தே தெரியுது. உங்க குரல் ஏன் இப்படி நடுங்குது?”

“ஏசி. அந்தப் பொண்ணோட கம்பெனி ஆபீசுல நிக்கறேன், இங்க ஏசி ஜாஸ்தி.”

“குறைக்கச் சொல்லுங்கப்பா.”

துளசிமணி செல்போனைக் கையால் பொத்தினாள். “சொல்லிருங்க சார். நீங்கதான் போட்டிருக்கீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க.”

“சொன்னா அந்த நிமிசமே கழட்டி வீசிருவா.” அவர் ஒவ்வொரு சொல்லையும் நடுக்கத்துக்கு இடையில் பிடித்துப் பிடித்துச் சொன்னார். “என்னைய இப்படி வெச்சுட்டு அவ போட்டிருக்க மாட்டா. மேல போட வேற ஒண்ணுமில்ல அவகிட்ட. கழட்டுனா எறங்கக்கூட முடியாது. என்ற பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

பாண்டிமீனா கட்டில் காலடியில் குந்தி உட்கார்ந்திருந்தாள். “நான் போட்டிருந்தேன்னா கழட்ட மாட்டாகளாய்யா?” என்று கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். வந்ததிலிருந்து இப்போதுதான் முகத்தைப் பார்த்தார். பிறகு, துளசிமணியின் கையிலிருந்த செல்போனைத் தள்ளிப் பாண்டிமீனா பக்கம் கொண்டுபோனார்.

“நீ பேசு அம்மிணி. நீ போட்டிருக்கறதாவே சொல்லு. குளுருது, தாங்கலைன்னு சொல்லு. போட்டபடியே எறங்கி வரச் சொல்லு. நீ சொன்னா கேப்பா. எரக்கமுள்ள புள்ள அவ.”

பாண்டிமீனா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை வாங்கினாள்.

“அம்மா, நான் பாண்டிமீனா பேசுறேன். உங்க சட்டைக்காரி.”

“அக்கா.” அந்தக் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “உங்ககிட்டப் பேசணும்னு எவ்வளவு நாளா நினைச்சுட்டிருக்கேன். நீங்கதான் என்னைக் காப்பாத்திட்டிருக்கீங்க.”

“தாயி, எனக்கு ரொம்பக் குளுருதும்மா.” பாண்டிமீனா கட்டிலைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். “ஒதடு நீலம் பூத்துருச்சு. முழங்கால் நிக்க மாட்டேங்குது. பல்லு கிட்டிப்போகுது. எம்புட்டு நேரம் தாங்குவேன்னு தெரியல. நீங்க போட்டபடியே எறங்கி வந்துருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

மறுபக்கம் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. ஈஸ்வரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா” என்றாள் மிருதுளா. குரல் இளகியிருந்தது, அழுகிற மாதிரி இருந்தது. “ஒரே ஒரு நாள்க்கா. கொஞ்சம் பொறுத்துக்குங்க. சூடா ஏதாவது குடிங்க, வெயில்ல உக்காருங்க. இவ்வளவு தூரம் வந்துட்டேன்க்கா. இதை விட்டா எனக்கு இனி வாய்க்காது. இறங்கினதும் நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவேன். உங்களை நான் மறக்கவே மாட்டேன்.”

“தாயி.”

“சார்ஜ் போயிடும்க்கா. வெச்சுடறேன்.”

சத்தம் நின்றது. துளசிமணி திரும்பக் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது.

வேப்பமர நிழல் கட்டில் மேல் விழுந்திருந்தது. துளசிமணி ஒரு பக்கம், பாண்டிமீனா ஒரு பக்கமாகப் பிடித்துக் கட்டிலை அவரோடு வெயிலுக்கு இழுத்தார்கள். சுடுமண்ணில் கட்டில் கால் கோடு போட்டுக்கொண்டு வந்தது. வெயில் முகத்தில் விழுந்தும் அவர் உடம்பு நடுங்குவது நிற்கவில்லை.

“அவளை நான் அப்படி வளக்கலீங்க” என்றார் ஈஸ்வரமூர்த்தி. பாண்டிமீனாவைப் பார்த்துச் சொன்னார். ‘ங்க’ போட்டுச் சொன்னார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா. நல்ல பிள்ளதான்.” அவள் தன் போர்வையைக் கொண்டுவந்து அவர் காலில் சுற்றினாள். “காலையில அந்த ஆடு நடுங்கிக்கிட்டு வந்து எங்காலுல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. ஷிப்டுக்கு நேரமாச்சு. கொஞ்சம் பொறுத்துக்கடி, மத்தியானம் வந்து அவுத்துவிடுறேன்னு நானும் சொல்லிட்டுத்தான் போனேன்.”

அவர் பல் அடித்துக்கொள்ள, “அது என்ன பண்ணுச்சுங்க?” என்று கேட்டார்.

“போயி மரத்தடியில படுத்துக்கிருச்சுய்யா.”